வென்றவர் வாங்கித் தரும் கோப்பை

பியர் வந்துவிட்டது. தோற்றவர்களுக்கு வென்றவர்கள் முதல் கோப்பையை வாங்கிக் கொடுக்க வேண்டும், இரண்டு அணியும் ஒரே மேசையில் கலந்து உட்கார்ந்து அதைக் குடித்து முடிக்க வேண்டும், அதற்கு முன் யாரும் எழும்பிப் போகக் கூடாது என்பது, ஐஸில் கல்லைச் சறுக்கி விட்டு ஆடுகிற கேர்லிங் விளையாட்டில், யாரும் எழுதி வைக்காத சட்டம். மாகாண இறுதி ஆட்டத்தில் ஒரு விரற்கடையில் தோற்றிருந்தாலும் சட்டம் சட்டம்தான். சிரிக்கவும் வேண்டும். மயூரதி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், கன்னம் வலித்தது. ஆட்டத்தில் ஊறிய வியர்வை முதுகில் குளிர்ந்துபோய் உள்சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, எங்கேயோ உருளைக்கிழங்கு பொரிக்கிற எண்ணெயும் வினாகிரியும் சேர்ந்து மணத்தன, மேசைக்குக் கீழே வலது கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால் இடது கால் தொடங்கியது. இதைக் குடித்து முடிப்பதற்குள் ஹெதருக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். குடித்து முடிக்காமலே இருந்துவிட்டால் என்ன? ஹெதர் எதிரே இருந்தாள், இன்றைக்கு வென்ற அணியின் தலைவி, சிவந்த முகமும் கலைந்த தலையுமாக, வென்றதை மறைக்கப் படாத பாடு பட்டுக்கொண்டு. பக்கத்தில் அக்கா யசோ, இன்றைக்குத் தோற்ற அணியின் தலைவி, கிழங்கு வறுவலை எல்லோருக்கும் தள்ளிவிட்டுக்கொண்டு. ஹெதர் கேட்டது பெரிய வேதாந்தம் ஒன்றுமில்லை. அக்காவின் அணியை விட்டு என் அணிக்கு வருகிறாயா, இல்லையா, அவ்வளவுதான். ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. நேற்று மாலையிலிருந்து அந்த ஒரு சொல் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. போதாக்குறைக்கு இப்போது அந்தக் கல் வேறு.

கல் போதிய வேகத்தோடுதான் வந்தது. வந்ததா? வந்தது. மயூரதி அதை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள். கடைசிக் கல், தலைவி விடுகிற கல், அக்காவின் கல். வட்டத்தின் நடுவுக்குப் பக்கத்தில் ஹெதரின் கல் ஒன்று கிடந்தது, அதைவிடக் கொஞ்சம் உள்ளே போய் நின்றால் வெற்றி, தேசியப் போட்டி, விமானச் சீட்டு, தொலைக்காட்சி, எல்லாம். அக்கா குந்தி, சறுக்கி, கைப்பிடியைத் திருப்பி விட்டாள். மயூரதியும் சித்தப்பாவின் மகள் மிதுளாவும் ஆளுக்கொரு தும்புத்தடியோடு கல்லுக்கு இரண்டு பக்கமும் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். முதன்முதலில் பார்க்கிறவர்கள் இதற்குச் சிரிப்பார்கள், ஒரு கல்லுக்கு முன்னால் இரண்டு பொம்பிளைகள் விழுந்தடித்துக்கொண்டு தரை கூட்டுகிறார்களே என்று. சிரிக்கட்டும். கூட்டினால் ஐஸ் வழுக்கிக் கொடுக்கும், கல் இன்னும் தூரம் போகும். கூட்டாவிட்டால் களைத்து நின்றுவிடும். எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்று கல்லோடு ஓடுகிறவளின் கண்தான் சொல்ல வேண்டும். கல்லை விட்டவள் பின்னால் நிற்பாள், அங்கிருந்து பார்க்க அவளுக்கு அது சரியாகத் தெரியாது. அந்த அணியில் அந்தக் கண் மயூரதியின் கண். பாதித் தூரத்தில் அவள் "விடு!" என்று கத்தினாள். மிதுளா உடனே தடியைத் தூக்கினாள், ஏன் என்று கேட்கவில்லை, மிதுளா ஒருநாளும் கேட்டதில்லை. கல் அழகாகப் போனது. போனது, போனது, பிறகு போகிற மாதிரித் தெரியவில்லை. "கூட்டு! கூட்டு! கூட்டு!" என்று மயூரதி தொண்டை கிழியக் கத்திக்கொண்டு தடியின் மேல் முழுப் பாரத்தையும் போட்டாள், தோள் இரண்டும் எரிந்தன, மிதுளா மூச்சுக்குத் தவித்தாள். கல் நின்றது. ஹெதரின் கல்லைவிட ஒரு விரற்கடை வெளியே. அளவுகோல் எடுத்து வைத்துப் பார்க்கவும் தேவையிருக்கவில்லை. அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டு சிரித்த முகத்தோடு ஹெதருக்குக் கை கொடுக்கப் போனாள்.

இதில் என்ன இருக்கிறது? கண் பிழைக்கும். எல்லோருடைய கண்ணும் பிழைக்கும். ஐஸில் ஒரு தலைமயிர் கிடந்தாலே கல்லுக்கு உயிர் போய்விடும், தும்புத்தடியின் ஒரு நார் போதும். ஆனால் அவளைக் குடைந்தது அது இல்லை. ஓடும்போது ஒரு நினைப்பு வந்தது. வட்டத்துக்குப் பின்னால் தன் தடியில் சாய்ந்துகொண்டு ஹெதர் நிற்பது தெரிந்தது. இது போய்ச் சேர்ந்தால் நான் போக முடியாது, என்று நினைப்பு வந்தது. வசனமாகக்கூட வரவில்லை, ஒரு இழுப்பாக வந்தது, அவ்வளவுதான். அது "விடு" என்று கத்துவதற்கு முன் வந்ததா, பின் வந்ததா? பின் என்றால் சரி. பின் என்றால் அது வெறும் நினைப்பு, நினைப்புக்கு யார் என்ன செய்வது. முன் என்றால்? மயூரதி கல்லை மறுபடியும் அக்காவின் கைக்குக் கொண்டுபோனாள். கல் புறப்பட்டது, மிதுளாவின் சப்பாத்துச் சத்தம், தன் மூச்சு, ஹெதர் சாய்ந்து நிற்பது, விடு. இல்லை, விடு, பிறகு ஹெதர் சாய்ந்து நிற்பது. இரண்டும் பொருந்தின. ஓட ஓட எது முதல் என்று இன்னும் கலங்கியது, அடியில் கிடக்கிற மண்ணைக் கிண்டிவிட்டுத் தண்ணீர் தெளியவில்லையே என்று பார்க்கிறது மாதிரி. ஆடுகளத்தைப் பார்த்திருந்த கண்ணாடிச் சுவருக்கு அப்பால், கீழே, ஐஸ் பராமரிக்கிறவன் தன் பொறியைத் தள்ளிக்கொண்டு போனான். கல் நின்ற இடம், தடி உரஞ்சிய இடம், எல்லாவற்றையும் சீவி ஒரே வெள்ளையாக ஆக்கிக்கொண்டு போனான். அவளுக்கு எழும்பிப்போய், கொஞ்சம் பொறு என்று அவனைக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருந்தது. எதற்கு? எதைக் காட்ட?

வென்றிருந்தால் எவ்வளவு சுலபம். வென்றிருந்தால் ஹெதரிடம் இல்லை என்று சொல்லியிருப்பாள், தேசியப் போட்டிக்குக் குடும்பத்தோடு போகிறவள் வேறென்ன சொல்வாள், பிறகு அடுத்த பருவம், அதற்கடுத்தது. அந்தச் சுலபம்தான் நேற்றிரவு படுக்கையில் அவளைப் பயமுறுத்தியது. நேற்று அரையிறுதி முடிந்து கார் நிறுத்துமிடத்தில் பையை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஹெதர் பின்னால் வந்து நின்றாள். எங்கள் ஷானன் பிள்ளை பெறப் போகிறாள், என்றாள். எங்களுக்கு ஒலிம்பிக் வரைக்கும் திட்டம் இருக்கிறது, நீ ஒட்டாவாவுக்கு வந்து இருக்க வேண்டும், முதலில் ஷானனின் இடத்தில் ஆடு, பிறகு கடைசிக் கல் போடுவதற்கும் உன்னைப் பழக்க நினைத்திருக்கிறேன், என் முழங்கால் எனக்கு இன்னும் எத்தனை நாள் உழைக்கும் சொல். நாளை யார் வென்றாலும் சரி, முடிந்த பிறகு சொல்லு, நாங்கள் மாலை விமானத்தில் போகிறோம். மயூரதி தலையை ஆட்டினாள். கடைசிக் கல் என்ற இடத்தில் காது அடைத்துவிட்டது. பிறகு இரவெல்லாம் இன்னொரு மாதிரியும் யோசித்தாள். ஆட்டத்துக்கு முதல்நாள் ஏன் கேட்டாள்? மனதைக் குழப்பவா? ஹெதரா, சே, ஹெதர் அப்படிப்பட்டவள் இல்லை, தன் தடி கல்லில் பட்டால் நடுவர் காணாவிட்டாலும் தானே கையைத் தூக்கிப் பிழையை ஒப்புக்கொள்கிறவள். அப்படிப்பட்டவள் இல்லை என்று எல்லோரும் சொல்கிற ஆட்கள்தான் அப்படிச் செய்வார்கள். எதிரே ஹெதர் ஒரு வறுவலைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். மயூரதி அவசரமாகக் கோப்பையைத் தூக்கி ஒரு மிடறு குடித்தாள். குடித்த பிறகுதான் குடித்துவிட்டோமே என்று இருந்தது.

"ஜக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது, அதை எப்படிச் சொல்வது?" என்று ஹெதரின் அணியில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கேட்க, அக்கா தில்லைநாதன், தில்லைநாதன் என்று ஆறுதலாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் அதை டில்லா நேட்டன் என்று இரண்டாக உடைத்து, ஏதோ இரண்டு வெள்ளைக்காரர் சேர்ந்து நடத்துகிற கம்பனி மாதிரி ஆக்கிவிடுவார்கள். நால்வர் முதுகிலும் அதே பெயர், அக்கா, மயூரதி, சித்தப்பாவின் இரட்டைப் பிள்ளைகள் மிதுளாவும் மிருணாவும். இந்த வடக்கில், காகித ஆலையைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில், குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளே கிடந்து பைத்தியம் பிடிக்காமல் இருக்க ஒரே வழி கேர்லிங். அப்பாவின் மேற்பார்வையாளன் ஒருநாள் நாலாவது ஆள் குறைகிறது, வா தில்லை என்று இழுத்துக்கொண்டு போனான். அப்பா இடுப்பு அடிபட்டு நொண்டிக்கொண்டு வந்தார். இந்த மனுசன் ஆலை விட்டு எங்கே போய்க் குடித்துவிட்டு விழுந்து வருகிறார் என்று பார்க்கத்தான் அம்மா போனாள். போனவள் திரும்பி வரவில்லை என்று அப்பா செத்துப்போகும்வரை சொல்லிச் சிரிப்பார். அப்பாவுக்கு விழுந்ததுதான் மிச்சம், கை வந்தது அம்மாவுக்கு. மேற்பார்வையாளனின் மனைவியிடம் இரவல் வாங்கிய காற்சட்டையோடு பெண்கள் குழுவில் சேர்ந்து, அடுத்த பருவத்தில் அதற்குத் தலைவியாகி, ஊரிலிருந்து வந்திறங்கிய சித்தப்பாவையும் சித்தியையும் பெட்டி பிரிக்க விடாமல் ஐஸுக்குக் கொண்டுபோனவள். சோற்றுக்கோப்பைக்குப் பக்கத்தில் உப்புப் போத்தலும் ஊறுகாய்ப் போத்தலும் கற்களாகிவிடும், அவற்றை வைத்து அந்தக் கல்லை இப்படி விட்டிருக்க வேண்டும், இல்லை இப்படி விட்டிருக்க வேண்டும் என்று வீட்டில் நடக்கிற சண்டையில் பருப்பு ஆறிப்போகும். கூட்டு, விடு என்ற இரண்டு சொல்லையும் ஐஸுக்குக் கொண்டுவந்ததும் அம்மாதான். மற்றவர்கள் ஆங்கிலத்தில் அவசரம் அவசரம் என்று கருத்துப்பட ஹரி, ஹரி என்று கத்துவார்கள், அம்மா முதன்முதல் கேட்டபோது இதென்ன வெள்ளைக்காரர் பெருமாளைக் கூப்பிடுகிறார்கள் என்று திகைத்தாளாம். எதிரிக்கு விளங்காமல் நாங்கள் எங்களுடையதைக் கத்துவோம் என்றாள். அப்படியே பழகிவிட்டது. அக்காவும் அவளும் வீட்டில், காரில், தொலைபேசியில் எல்லாம் ஆங்கிலம்தான் பேசுவார்கள், சண்டைகூட ஆங்கிலம்தான். ஐஸில் இறங்கினால் மட்டும் தமிழ். ஹெதரின் அணியில் விடு என்று கத்தினால் யாருக்கு விளங்கும்? ஹரி என்று கத்தப் பழக வேண்டும். பழகலாம். வாய் பழகும். கண்ணும் பழகுமா, அந்தச் சொல் வாயில் இல்லாமல் கல்லின் வேகம் கண்ணுக்குத் தெரியுமா என்று ஒரு பைத்தியக்காரப் பயம் வந்தது. பைத்தியக்காரப் பயம்தான், ஆனாலும் பயம்.

அம்மா அங்கே இருந்தாள், ஜன்னலோரத்து மேசையில், ஹெதரின் தாய் தகப்பனோடு, தன்னுடைய தேநீர் போத்தலைத் திறந்து அவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு. பயிற்சியாளர் என்று அட்டை கழுத்தில் தொங்கியது. முன்னதாக, உடைமாற்றும் அறையிலிருந்து வந்த மயூரதியை வழியில் மறித்து, தோளில் கை வைத்து, "பிள்ளை, ஏன் நிப்பாட்டினனீ?" என்று கேட்டாள்.

"போதுமெண்டு நினைச்சன் அம்மா."

"ம்," என்றாள் அம்மா. பிறகு, "சரி, போய்ச் சாப்பிடு. வெறுவயித்தில குடியாதை."

அந்த "ம்" என்ன "ம்"? வழக்கமான "ம்" தானா? அம்மாவிடம் ஒரு "ம்" இருக்கிறது, சரி நடந்தது நடந்துபோச்சு என்கிற "ம்". இன்னொன்று இருக்கிறது, நீ சொல்லுகிறாய் நான் கேட்கிறேன் என்கிற "ம்". அம்மா அங்கே ஹெதரின் தகப்பன் சொன்ன எதற்கோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோற்ற அன்றைக்கு அம்மா இப்படிச் சிரிக்க மாட்டாளே. சிரிப்பாள், வெளியாட்களோடு சிரிப்பாள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் வழக்கம் போலத் தன் தடியால் மயூரதியின் தடியை ஒரு தட்டுத் தட்டினாள், வென்றாலும் தோற்றாலும் தட்டுகிற தட்டு. கொஞ்சம் மெதுவாகத் தட்டினாளா? மெதுவாகத்தான் தட்டினாள் என்று இப்போது பட்டது. களைப்பாக இருந்திருக்கும். அக்கா அவளைப் பார்க்கவேயில்லை என்றும் பட்டது, அதே நேரம் அக்கா வறுவல் தட்டை அவள் பக்கம் தள்ளி "எடு" என்று கண்ணால் சொன்னாள். ஒன்றும் தெரியாது அக்காவுக்கு. தெரிந்தால் இப்படி இருக்க மாட்டாள், அக்காவுக்கு முகத்தில் ஒளிக்கத் தெரியாது. மயூரதிக்கு அழுகை வந்தது, அதோடு சேர்ந்து கோபமும் வந்தது. எவ்வளவு காலமாக இந்தப் பாசத்துக்குப் பயந்து பயந்து இரண்டாவது ஆளாகவே நின்றாகிவிட்டது. அக்கா மூத்தவனை வயிற்றில் சுமந்த பருவத்தில் அணியை மயூரதிதான் நடத்தினாள், கடைசிக் கல்லெல்லாம் அவள் போட்டாள், அந்த வருடம்தான் முதன்முதலாக மாகாணக் கிண்ணம் வீட்டுக்கு வந்தது. அக்கா திரும்பி வந்த அன்று, யாரும் கேட்காமலே, மயூரதி வீட்டு வாசலில் தலைவியின் பை வைக்கிற இடத்திலிருந்து தன் பையைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தாள். யாரும் கேட்கவில்லை. அதுதான் கோபம். யாராவது கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாராவது, வேண்டாம் பிள்ளை நீயே போடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதற்கும் இல்லை என்று சொல்லி அக்காவிடம் சந்தோஷமாகக் கொடுத்திருப்பாள். பையை வைத்தபோது அம்மா இடியப்பம் அவிந்துவிட்டது என்றாள். கிண்ணம் இன்னும் முன்னறையில் இருக்கிறது, அதில் அக்காவின் மகன் தன் விளையாட்டுக் கார்களைப் போட்டு வைத்திருக்கிறான். முப்பது வயதும் தாண்டிவிட்டது, இனிக் கேட்க யார் வரப்போகிறார்கள் என்று இருந்தபோது கார் நிறுத்துமிடத்தில் பனிக்குள் நின்று ஒருத்தி கேட்டாள். ஓம் என்று சொல். சொல்லேன். ஓம் என்றால், ஒரு நாளைக்கு முன்னாலேயே ஓம் என்று வைத்திருந்தவள்தான் கல்லை நிறுத்தினாள் என்று ஆகிவிடும். இல்லை என்றால், கல்லையும் கெடுத்து வாழ்க்கையையும் கெடுத்தவள் என்று ஆகிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கல் குறுக்கே கிடந்தது. நேற்று அது இல்லை. நேற்று வெறும் ஓம், இல்லை மட்டும்தான் இருந்தது. நேற்றே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று தன்னையே அறைய வேண்டும் போல வந்தது. யாரோ மேசையில் தட்டிப் பெரிதாகச் சிரித்தார்கள், மயூரதியும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.

ஹெதர் மேசைக்குக் குறுக்கே குனிந்தாள். சத்தத்தைத் தாழ்த்தினாள், தாழ்த்தினாலும் ஹெதரின் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்கிற சத்தம்தான்.

"அந்தக் கடைசிக் கல்லையே நினைத்துக்கொண்டிருக்கிறாய், தெரிகிறது. விட்டுத்தள்ளு. நான் நேரே நின்று பார்த்தேன். நீ நிறுத்தியது சரி. நானென்றாலும் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பேன்."

உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. கால் நின்றது. நான் சொல்லவில்லையா, சரிதான், சரியாகத்தான் பார்த்திருக்கிறேன், ஐஸ்தான் பிழை. ஒரு மயிர் கிடந்திருக்கும். ஹெதர் நாட்டிலேயே பெரிய ஆட்டக்காரி, அவள் கண்ணுக்குத் தெரியாததா. அப்படியே ஓடிப்போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, அம்மா, ஹெதரும் நிப்பாட்டியிருப்பாவாம். மூச்சு ஒன்று முழுதாக உள்ளே போனது, அது வெளியே வருவதற்குள் மற்றது வந்துவிட்டது. ஹெதருக்கு ஆள் வேண்டும். ஆள் வேண்டுமென்றால் சரி என்றுதான் சொல்வாள், மனம் நோகக் கூடாதென்று சொல்வாள், இவர்கள் அப்படிச் சொல்லிப் பழகியவர்கள். கால் மறுபடியும் தொடங்கியது. "அப்படியா நினைக்கிறாய்?" என்று கேட்டாள். கேட்ட குரல் சின்னப்பிள்ளையின் குரல் மாதிரி வந்தது, அதைக் கேட்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"சத்தியமாக. அதோடு, நீ பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை," என்றாள் ஹெதர், அக்காவின் பக்கம் தலையைச் சாய்த்து. "யசோவுக்குத் தெரியும். காலையில் நானே சொன்னேன். அவளுடைய ஆளை அவளுக்குத் தெரியாமல் கூப்பிடுவது முறையில்லை, இல்லையா?"

காலையில். மயூரதிக்கு முகத்தில் ஈயாடவில்லை. காலையில் என்றால் ஆட்டத்துக்கு முன். அக்கா காரை ஓட்டிக்கொண்டு வந்தபோது தெரியாது, உடைமாற்றும் அறையில் அவளுடைய சப்பாத்து நாடாவைக் குனிந்து இறுக்கிவிட்டபோது தெரியும். முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரைக்கும் தெரியும். இவ்வளவு நேரமும் ஓடவிட்டுப் பார்த்த கல்லை இப்போது மறுபடியும் வேறு கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. அக்கா குந்துகிறாள், தெரிந்துகொண்டு குந்துகிறாள், சறுக்குகிறாள், தங்கை போகப் போகிறாள் என்று தெரிந்த கையால் கைப்பிடியைத் திருப்பி விடுகிறாள். அந்தக் கை நடுங்கியிருக்கும். நடுங்காமல் எப்படி இருக்கும், மனுசிதானே. கல் அங்கேயே மெதுவாகத்தான் புறப்பட்டிருக்கும், அக்காவின் கையிலேயே அது செத்துப்போயிருக்கும், பிறகு யார் கூட்டினால் என்ன, கூட்டாவிட்டால் என்ன. இது அவ்வளவு வசதியாக இருந்தது. இன்னும் ஒரு படி மேலே போய், அக்கா வேண்டுமென்றே மெதுவாக விட்டிருப்பாளோ, தங்கை போகட்டும் என்று, வென்றால் போக மாட்டாள் என்று தெரிந்து, என்றுகூட ஒரு கணம் நினைத்து அக்காமேல் பாசம் பொங்கிக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பிழையை அக்காவின் தலையில் கட்டிவிட்டு அதற்கு நன்றியும் சொல்ல அவள் மனம் தயாராகிவிட்டது. எவ்வளவு கெதியாக, ஒரு நொடியில். அக்கா திரும்பினாள். கையை மயூரதியின் தோளில் போட்டாள், பாரமான, சூடான கை. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, குரல் வறுவலுக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டும் என்று சொல்கிற குரலாக இருந்தது.

"போறதெண்டால் போ, மயூ. நான் மறிக்க மாட்டன்," என்றாள். "ஆனா அதுக்காக அந்தக் கல்லை நிப்பாட்டியிருக்கத் தேவையில்லை."

தமிழில் சொன்னாள். மேசையில், ஐஸுக்கு வெளியே, அக்கா அவளோடு தமிழில் பேசி எத்தனை வருடம். அக்கா, நான் வேணுமெண்டு செய்யேல்லை என்று சொல்ல வாய் திறந்தது. நாலு சொல்தான். அதில் ஒன்றாவது பொய்யாக இருந்தால்? அம்மாவிடம் போதுமெண்டு நினைச்சன் என்று சொல்ல முடிந்தது, அதை இப்போது அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு வரவில்லை, சொன்னால் அக்காவும் "ம்" என்பாள். அக்காவின் கை தோளிலேயே இருந்தது. அக்கா காத்துக்கொண்டிருந்தாள், மெய்யாகவே காத்துக்கொண்டிருந்தாள், இல்லை என்று ஒரு வார்த்தை சொல் என்கிற மாதிரி. அந்தப் பக்கத்தில் மிதுளாவுக்குக் கேட்டிருக்க வேண்டும், அவள் குனிந்து வறுவலில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். மிருணா கைப்பேசியை எடுத்தாள். எதிர்ப்பக்கத்தில் மட்டும் எல்லோரும் மலர்ந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு சகோதரிகள் தங்கள் மொழியில் ஏதோ அருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று.

"என்ன சொல்கிறாள்?" என்றாள் ஹெதர், பொறுக்க மாட்டாமல். "எங்களுக்கும் சொல்லு."

மயூரதி அக்காவைப் பார்த்தாள். பிறகு ஹெதரைப் பார்த்தாள்.

"போகச் சொல்கிறாள்," என்றாள் ஆங்கிலத்தில். "தான் மறிக்க மாட்டாளாம்."

சொல்லி முடிந்ததும் தொண்டையில் இருந்த முள் போய்விட்டது. அவ்வளவு சுலபமாகப் போய்விட்டது. ஹெதர் கையைத் தட்டிக்கொண்டு எழும்பினாள், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து மயூரதியைக் கட்டிப்பிடிக்காமல் முதலில் அக்காவைக் கட்டிப்பிடித்தாள். ஷானன் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆரஞ்சுச் சாற்றை உயர்த்தினாள். ஜன்னலோரத்திலிருந்து அம்மா திரும்பிப் பார்த்தாள், என்ன சங்கதி என்று புருவத்தைத் தூக்கினாள். மயூரதி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஹெதரின் தோளுக்கு மேலால் அது தெரிந்தது. மிச்சத்தையும் அக்கா சொல்லலாம், அக்காவுக்கு இவளைவிட நல்ல ஆங்கிலம் வரும், அது மட்டுமில்லை என்று தொடங்கினால் போதும். அக்கா ஹெதரின் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு, அவளைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நல்ல ஆளைத்தான் எடுத்திருக்கிறாய். ஓடுகிற கல்லைப் பார்த்துக் கணிக்க இவளைப் போல ஒரு கண் இந்த நாட்டிலேயே கிடையாது. என்னோடு விளையாடின காலம் முழுக்க ஒரு கல்லிலும் அந்தக் கண் பிழைத்ததில்லை." அக்கா மயூரதியைப் பார்க்கவில்லை. "இன்றைக்கும் பிழைக்கவில்லை."

தோற்றுப்போய், அதே மேசையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்ல எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்று ஹெதருக்குக் கண் கலங்கிவிட்டது.